பார்க் அவென்யூ முடியும் இடம்

மொன்றியல் நகரின் பார்க் அவென்யூ, மோன் ரோயால் மலையின் கிழக்குச் சரிவை ஒட்டி வடக்கே ஏறிச் சென்று, ஜான் தலோன் சாலையில் முட்டி நின்றுவிடுகிறது. முட்டும் இடத்துக்கு நேர் எதிரே, அகன்ற கல் முகப்போடு ஒரு ரயில் நிலையக் கட்டடம். கனடியன் பசிபிக் ரயில்வே 1931இல் இதைத் திறந்தபோது வைத்த பெயர் பார்க் அவென்யூ ஸ்டேஷன். பின்னாளில் சாலையின் பெயரால் ஜான் தலோன் நிலையம் ஆனது. இன்றைய புறநகர் ரயில் அட்டவணையில் வெறும் ‘பார்க்’. கட்டடத்துக்குப் பின்னால் சான்-ஜெரோம் தடத்தின் நடைமேடை இருக்கிறது. நிலத்துக்கு அடியில் மெட்ரோவின் நீலப் பாதை ஓடுகிறது. ஆனால் ரயிலேற வருபவர் யாரும் அந்தப் பெரிய கூடத்துக்குள் கால்வைக்க வேண்டியதில்லை. கட்டடம் எழுந்த வேளையில் ரயிலின் காலம் சரியத் தொடங்கியிருந்தது. ரயில் திரும்பி வந்த வேளையில் கட்டடம் கைமாறிப் போயிருந்தது.

பாதை கட்டடத்தைவிட 55 ஆண்டுகள் மூத்தது. அது பிறந்ததற்குக் காரணம் விறகு.

1871–72 குளிர்காலத்தில் மொன்றியலில் விறகுத் தட்டுப்பாடு கடுமையாக இருந்தது. கணப்பு எரியாவிட்டால் உயிர் தங்காத ஊரில் விறகு விலை ஏறினால் முதலில் சாவது ஏழைகள். நகருக்கு வடக்கே ஐம்பது கிலோமீட்டர் தள்ளியிருந்த சான்-ஜெரோமில் காடு நிறைய இருந்தது, கொண்டுவர வழிதான் இல்லை. அந்த ஊரின் பங்குத் தந்தை அந்துவான் லபேல். ஆறடி உயரம், 300 பவுண்டுக்கு மேல் எடை, அதற்கேற்ற குரல். 1872 ஜனவரியில் அவர் தம் ஊர் விவசாயிகளைத் திரட்டி, 80 பனிச்சறுக்கு வண்டிகளில் விறகை ஏற்றி, ஊர்வலமாக மொன்றியலுக்கு அழைத்துவந்து ஏழைகளுக்கு இலவசமாகக் கொடுத்தார். தருமம் என்றால் தருமம், விளம்பரம் என்றால் விளம்பரம். ரயில் பாதை ஒன்று இருந்தால் இந்த விறகு தினமும் வரும் என்பது ஊர்வலம் சொல்லாமல் சொன்ன சேதி. அதே ஆண்டில் மொன்றியல் நகரம் வடக்குப் பாதைக்காக பத்து லட்சம் டாலர் தர வாக்களித்தது.

லபேலின் கவலை விறகோடு நின்றதல்ல. கியூபெக்கின் பிரெஞ்சு விவசாயக் குடும்பங்கள், பங்கு பிரித்துப் பிரித்து நிலம் போதாமல், அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து பஞ்சாலைகளுக்குக் கூட்டம் கூட்டமாகப் போய்க்கொண்டிருந்த காலம் அது. போனவர்கள் மொழியையும் மதத்தையும் இழப்பார்கள் என்று திருச்சபை அஞ்சியது. தெற்கே போகும் மக்களை வடக்கே லொரான்ஷியன் மலைகளுக்குத் திருப்பி, காட்டைத் திருத்தி ஊர் ஊராகக் குடியேற்ற வேண்டும். அதற்கு முதுகெலும்பாக ஒரு தண்டவாளம் வேண்டும் என்பது அவர் கணக்கு. நிறுவனத்தின் பெயரே அதைச் சொன்னது: மொன்றியல் வடக்குக் குடியேற்ற ரயில்வே. காடு திருத்த ஆள் வேண்டும் என்பதற்காகக் குடியேற்றம் பேசிய பாதை, நூறாண்டு கழித்து வேறு கண்டங்களிலிருந்து வந்தவர்களின் குடியிருப்புக்கு எல்லைக் கோடாக ஆனது லபேல் எண்ணிப் பார்த்திராத திருப்பம்.

நிறுவனத்தின் தலைவர் ஹ்யூ ஆலன், கப்பல் முதலாளி, கனடாவின் பெரும் பணக்காரர்களில் ஒருவர். அவருக்குக் காட்டு விறகில் ஆர்வமில்லை. பசிபிக் கடல்வரை போடப்படவிருந்த பெரும் பாதையைத் தாம் பிடித்துக்கொள்ள வேண்டும், அதன் கிழக்கு முனையாக இந்த வடக்குப் பாதை இருக்க வேண்டும் என்பது அவர் திட்டம். எதிரே நின்றவர் ஜார்ஜ்-எத்தியேன் கார்த்தியே. கனடாவின் மூத்த அமைச்சர், போட்டி நிறுவனமான கிராண்ட் டிரங்க் ரயில்வேயின் வழக்கறிஞரும்கூட. 1872 தேர்தலில் கார்த்தியே மொன்றியல் கிழக்குத் தொகுதியிலேயே தோற்றார்; வடக்குப் பாதைக்கு அவர் முட்டுக்கட்டை என்ற பேச்சு அந்தத் தோல்விக்கு ஒரு காரணம். அதே தேர்தலுக்கு ஆலன் ஆளுங்கட்சிக்குப் பணம் கொடுத்தது அடுத்த ஆண்டு அம்பலமாகி, ‘பசிபிக் ஊழல்’ என்று பெயர் பெற்று, 1873 நவம்பரில் பிரதமர் மெக்டொனால்டின் அரசையே வீழ்த்தியது. ஆலன் லண்டனில் கடன் திரட்டப் போய் வெறுங்கையோடு திரும்பினார். 1875இல் கியூபெக் மாகாண அரசே பாதையை எடுத்துக்கொண்டு, ஆற்றின் வடகரையோடு கியூபெக் நகருக்குப் போகவிருந்த இன்னொரு பாதையுடன் இணைத்தது. 1876 அக்டோபரில் மொன்றியலிலிருந்து சான்-ஜெரோமுக்கு முதல் ரயில் ஓடியது. மாகாணத்தின் கஜானா காலியாகிப்போனது.

பாதை கிழக்கே துறைமுகத்தை ஒட்டிய ஹோஷலாகாவில் தொடங்கி, மலைக்கு வடகிழக்கே இருந்த வயல்வெளியைச் சுற்றி வந்தது. அந்த வயல்வெளியில், சான் லோரான் தெருவைத் தண்டவாளம் வெட்டிய இடத்தில், 1870களின் இறுதியில் மைல் எண்ட் என்ற சிறு நிலையம் எழுந்தது. பார்க் நிலையத்தின் மூதாதை அதுதான். கல்லுடைப்புக் குழிகளும் தோல் பதனிடும் கொட்டில்களும் இருந்த கிராமத்தை அது சில பத்தாண்டுகளில் தொழிற்பேட்டையாக்கியது. பக்கவாட்டுத் தடங்களை ஒட்டி மரக்கிடங்கு, நிலக்கரி முற்றம், பிறகு துணி ஆலைகள்.

1882இல் மாகாண அரசு மொன்றியல்–ஓட்டாவா பகுதியைக் கனடியன் பசிபிக்குக்கு 40 லட்சம் டாலருக்கு விற்றது. கிழக்குப் பகுதியும் சில கைகள் மாறி 1885இல் அதே நிறுவனத்திடம் போய்ச் சேர்ந்தது. 1886 ஜூன் 28 மாலை, கனடாவின் கண்டம் கடக்கும் முதல் பயணிகள் ரயில் மொன்றியலின் டல்ஹௌசி சதுக்க நிலையத்திலிருந்து கிளம்பியது. மைல் எண்டைத் தாண்டி, ஓட்டாவா வழியாக, ஜூலை 4 அன்று பசிபிக் கரையின் போர்ட் மூடியைத் தொட்டது. ஆலன் கனவு கண்டது நடந்தது, ஆலன் இல்லாமல். சதுக்கத்தின் பெயர் தமிழ் வாசகருக்குப் பழக்கமானதுதான். ஆனால் இவர் இந்தியாவின் கவர்னர் ஜெனரல் அல்லர், அவருடைய தந்தை. 1820களில் பிரிட்டிஷ் வட அமெரிக்காவின் ஆளுநராக இருந்த ஒன்பதாம் டல்ஹௌசி பிரபு. மகன் 1853இல் எழுதிய குறிப்பின்மேல் இந்திய ரயில் பாதைகளின் வரைபடம் எழுந்தது.

லபேல் 1888இல் மாகாணக் குடியேற்றத் துறையின் துணை அமைச்சராகி, 1891 ஜனவரியில் 57 வயதில் இறந்தார். சான்-ஜெரோமுக்கு வடக்கே ரயில் ஏறியதை அவர் பார்க்கவில்லை. அடுத்த ஆண்டு சான்த்-அகாத், 1893இல் அவர் பெயரையே தாங்கிய லபேல் ஊர், 1909இல் கடைசி முனையான மோன்-லோரியே. இந்தத் தடத்தில் ஓடிய வண்டிக்கு மக்கள் வைத்த செல்லப் பெயர் ‘வடக்கின் குட்டி ரயில்’.

கனடியன் பசிபிக்குக்கு மொன்றியலில் ஒரு தீராத இடைஞ்சல் இருந்தது. நகருக்கு நடுவே மலை. மேற்குப் பக்கம் 1889இல் திறந்த விண்ட்சர் நிலையம், ஆங்கிலேயர் வாழும் பகுதியில். கிழக்குப் பக்கம் 1898இல் திறந்த பிளாஸ் விஜே நிலையம், பிரெஞ்சுக்காரர் பகுதியில். மேலே ஓட்டல், கீழே ரயில். இரண்டையும் வரைந்தவர் நியூயார்க்கின் புரூஸ் பிரைஸ். விண்ட்சர் கோட்டை மாதிரி, பிளாஸ் விஜே பிரெஞ்சு அரண்மனை மாதிரி. நகரின் மொழிப் பிளவை ஒரே நிறுவனம் இரண்டு கட்டடங்களாகக் கட்டிவைத்தது என்றே சொல்லலாம். மேற்கும் தெற்கும் போகிறவர் விண்ட்சருக்குப் போக வேண்டும். கியூபெக் நகருக்கும் வடக்கு மலைகளுக்கும் போகிறவர் பிளாஸ் விஜேக்குப் போக வேண்டும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ரயிலிலேயே போக நினைத்தால் மலையை ஏறக்குறைய முழுக்கச் சுற்ற வேண்டும். அந்தச் சுற்றுப் பாதையின் வடக்கு வளைவில் இருந்தது மைல் எண்ட். கிழக்கிலிருந்தோ மேற்கிலிருந்தோ கிளம்பும் வடக்கு ரயில் அதைத் தொடாமல் போக முடியாது. 1911இல் மைல் எண்டுக்குப் பெரிய கட்டடம் கிடைத்ததும் இதனால்தான்.

போட்டி நிறுவனம் ஒன்று சுற்ற மறுத்தது. கனடியன் நார்தர்ன் ரயில்வே 1912இல் மலையையே குடையத் தொடங்கியது. 1913 டிசம்பரில் இரு பக்கத்திலிருந்தும் குடைந்தவர்கள் நடுவில் சந்தித்தார்கள். 5 கிலோமீட்டர் நீளச் சுரங்கத்தில் 1918 அக்டோபரில் மின்சார ரயில் ஓடியது. செலவை ஈடுகட்ட நிறுவனம் செய்த ஏற்பாடு சுவையானது: மலைக்குப் பின்னாலிருந்த விளைநிலங்களை முன்கூட்டியே வாங்கி, நிலத்தோட்டக் கலைஞர் ஃபிரெடரிக் டாட் வரைந்த திட்டப்படி மாதிரி நகரம் அமைத்து, மனை மனையாக விற்றது. அதுதான் மவுண்ட் ரோயல் நகரம். இன்றும் வசதி படைத்தோரின் ஊர்.

அதன் கிழக்குப் பக்கத்து வயல்களில் வேறு ஒரு மனை வியாபாரம் நடந்தது. பார்க் ரியல்டி என்ற நிறுவனம், பார்க் அவென்யூ நீண்டு இங்கே வரப்போகிறது என்று சொல்லி மனை விற்றது. அந்த இடம் பார்க் எக்ஸ்டென்ஷன் என்று பெயர் பெற்று, 1910இல் மொன்றியலோடு சேர்க்கப்பட்டது. அவென்யூ நீளவே இல்லை, தண்டவாளத்துக்கு இப்பாலேயே நின்றுபோனது. பெயர் மட்டும் நின்றது, அதுவும் சுருங்கி ‘பார்க் எக்ஸ்’. கிழக்கிலும் தெற்கிலும் கனடியன் பசிபிக்கின் தண்டவாளம், வடக்கில் பின்னாளில் வந்த விரைவுச் சாலை. மேற்கில் லகாடி சாலையை ஒட்டி 1960இல் மவுண்ட் ரோயல் நகரம் கம்பி வேலி ஒன்றைப் போட்டது. பிள்ளைகள் சாலையில் ஓடி அடிபடாமல் இருக்க என்று நகரம் சொன்னது. ஏழைப் பேட்டை எட்டிப் பார்க்காமல் இருக்க என்று மறுபக்கம் புரிந்துகொண்டது. ஒரு ரயில் நிறுவனம் பெற்ற ஊருக்கும் இன்னொரு ரயில் நிறுவனம் வளைத்த ஊருக்கும் நடுவே அந்த வேலி இன்னும் நிற்கிறது.

1920களின் இறுதியில் நகரம் மைல் எண்டைத் தாண்டி வடக்கே பரவிவிட்டது. கனடியன் நேஷனல் ரயில்வே, நார்தர்னின் சுரங்கத்தை வாரிசாகப் பெற்று, நகர நடுவில் மாபெரும் மத்திய நிலையத்துக்குக் குழி தோண்டத் தொடங்கியிருந்தது. கனடியன் பசிபிக் சும்மா இருக்க முடியாது. மைல் எண்டை மூடிவிட்டு, சற்று வடமேற்கே, பார்க் அவென்யூ முடியும் இடத்தில் புது நிலையம் கட்டியது. வரைந்தவர் நிறுவனத்தின் கட்டடக் கலைஞர் கோலின் ட்ரூவிட். உயர்ந்த கூடம், உயரமான ஜன்னல்கள், தூண்கள், வெளிர் நிறக் கல். அவென்யூவில் டிராமில் வருகிறவருக்கு நீண்ட சாலையின் கடைசியில் அது தெரியும். தமிழ்நாட்டில் சன்னதித் தெருவின் முடிவில் கோபுரம் தெரிவதைப்போல, வேண்டுமென்றே வைக்கப்பட்ட இடம். 1931 ஜூனில் திறப்பு.

அதே 1931இல்தான் சென்னையில் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அந்தத் தடத்திலும் சென்ட்ரலுக்கு எதிரே ஒரு பார்க் ஸ்டேஷன் உண்டு. பெயரையும் ஆண்டையும் தவிர இரண்டுக்கும் பொருத்தம் இல்லை. சென்னை பார்க் சிறிய நிலையம், பெரிய கூட்டம். மொன்றியல் பார்க் பெரிய நிலையம். அங்கே கூட்டம் வருமென்று எதிர்பார்த்த ஆண்டில் உலகப் பொருளாதார மந்தம் வந்து உட்கார்ந்திருந்தது. கனடியன் நேஷனல் தோண்டிய குழியும் பணமின்றி அப்படியே கிடந்து, அந்த மத்திய நிலையம் 1943இல்தான் திறந்தது.

ஆயினும் பார்க் அவென்யூ ஸ்டேஷனுக்கு இரண்டு பத்தாண்டு மவுசு இருந்தது. கியூபெக் நகருக்கும், வடகரை வழியாக ஓட்டாவாவுக்கும், மோன்-லோரியேக்கும் போகும் வண்டிகள் இங்கே நின்றன. பனிக்காலத்தில் வார இறுதி என்றால் பனிச்சறுக்கு ரயில்கள். தோளில் நீண்ட மரச் சறுக்குக் கட்டைகளோடு நூற்றுக்கணக்கானோர் லொரான்ஷியன் மலைகளுக்குக் கிளம்புவார்கள். கோடையில் ஏரிக்கரைக் குடில்களுக்குப் போகும் குடும்பங்கள். மலைக்காற்று நெஞ்சுக்கு நல்லது என்று சான்த்-அகாத்தின் சானடோரியங்களுக்கு அனுப்பப்பட்ட காசநோயாளிகளும் இதே வண்டியில்தான் போனார்கள். லபேல் விவசாயிகளுக்காகக் கேட்ட பாதை நகரத்தாரின் ஓய்வுக்கு உழைத்தது. மலைமண் கல்லும் பாறையும். பயிரைவிடப் பயணிகள்தான் அங்கே நன்றாக விளைந்தார்கள்.

1951இல் பிளாஸ் விஜே மூடப்பட்டது. வடக்கு ரயில்கள் எல்லாம் விண்ட்சரிலிருந்து மலையைச் சுற்றி பார்க் அவென்யூவுக்கு வந்து போயின. 1950களின் இறுதியில் கியூபெக்கின் முதல் விரைவுச் சாலை லொரான்ஷியன் மலைகளுக்குத் திறந்தது. சுங்கம் கட்ட வேண்டியிருந்தும் கார்கள் நிரம்பி வழிந்தன. சறுக்குக் கட்டைகள் ரயில் பெட்டியிலிருந்து காரின் கூரைக்கு ஏறின. 1959 ஆகஸ்டில் மொன்றியலின் கடைசி டிராமும் நின்றது. கைவிடப்பட்ட மைல் எண்ட் கட்டடம், தண்டவாளத்துக்கு மேலே மேம்பாலம் கட்டுவதற்காக 1970இல் இடிக்கப்பட்டது. குட்டி ரயில் 1981இல் கடைசியாக ஓடியது. 1984இல் பார்க் அவென்யூ கட்டடத்தை மொன்றியல் நகராட்சி வாங்கிக்கொண்டது. வடகரை வழியாக கியூபெக் நகருக்குப் போன பயணிகள் ரயிலும் 1990 ஜனவரியின் நாடு தழுவிய வெட்டில் நின்றுபோனது. மோன்-லோரியே தடத்தில் தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துவிட்டு, 1996இல் அதை 200 கிலோமீட்டர் நீள மிதிவண்டிப் பாதையாக்கினார்கள். பெயர் மாறவில்லை: வடக்கின் குட்டி ரயில். சிறு நிலையங்கள் தேநீர்க் கடைகளாகவும் அருங்காட்சியகங்களாகவும் பிழைத்துக்கொண்டன.

ரயில் நின்ற அந்த இடைவெளியில்தான் நிலையத்தைச் சுற்றி மக்கள் மாறினார்கள். போருக்குப் பின் பார்க் எக்ஸில் நிறைந்தவர்கள் கிரேக்கர்கள். அவர்கள் பொருள் சேர்த்து, வடக்கே ஆற்றுக்கு அக்கரையிலுள்ள லவாலுக்கும் அப்பாலும் நகர்ந்தபின் அந்த மூன்று மாடி வீடுகளுக்குத் தெற்காசியர்கள் வந்தார்கள். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு ஈழத் தமிழர்கள். அப்போது மொன்றியலின் சர்வதேச விமானங்கள் இறங்கியது நகருக்கு வடமேற்கே தொலைவிலிருந்த மிராபெல் நிலையத்தில். 1975இல் திறந்த அந்தப் பிரம்மாண்ட விமான நிலையத்துக்கு அதிவேக ரயில் போடுவதாகச் சொல்லி, முனையத்துக்கு அடியில் ரயில் நிலையத்துக்கு இடமும் விட்டார்கள். ரயில் வரவில்லை. அகதிகள் பேருந்திலும் காரிலும் நகருக்கு வந்தார்கள். 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்து கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழர்களை மீனவர்கள் கண்டெடுத்தார்கள். அவர்களும் பிறகு மொன்றியலுக்கும் டொரான்டோவுக்கும்தான் அனுப்பப்பட்டார்கள்.

வந்தவர்களுக்கு இந்த நிலையம் ரயில் நிலையமாக அறிமுகமாகவில்லை, மெட்ரோவாகவே அறிமுகமானது. நீலப் பாதை 1986இல் கிழக்கே தொடங்கி, 1987 ஜூன் 15 அன்று பார்க் வரை வந்தது. பழைய கட்டடத்தை ஒட்டியே வாசல், அதற்குக் கீழே மேடை. 1988 ஜனவரியில் பாதை மலையின் பின்புறமாக ஸ்னோடன் வரை நீண்டபோது, தமிழர்கள் மிகுந்த இன்னொரு பேட்டையான கோத்-தெ-நேஜுக்கு வண்டி மாறாமலே போக வழி பிறந்தது. 1977இன் மொழிச் சட்டத்துக்குப் பிந்திய காலம் என்பதால் நிலையப் பலகையில் ‘பார்க்’ என்ற பிரெஞ்சுச் சொல். உச்சரிப்பில் ஆங்கிலத்துக்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இல்லாததால் யாருக்கும் மனக்குறை இல்லை. 2006இல் அன்றைய மேயர், பார்க் அவென்யூவுக்கு மறைந்த முதல்வர் ரொபேர் புராசாவின் பெயரை வைக்கப் போனபோதுதான் குறை எழுந்தது. கிரேக்கர், யூதர், ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர் எல்லோரும் சேர்ந்து எதிர்க்க, சில மாதங்களில் திட்டம் கைவிடப்பட்டது. சாலைக்குப் பழைய பெயரே நிலைத்தது.

ஜான் தலோன் சாலையில் தமிழ்க் கடைகளும், நிலையத்துக்கு அருகிலேயே துர்க்கை அம்மன் கோயிலும் வந்தன. முருகன் கோயில் வெகுதூரம் மேற்கே, தொலார்-தெ-சோர்மோவில், மலைச் சுரங்கப் பாதை போய்ச் சேரும் திசையில் இருக்கிறது. குடியேறியவர்களில் பலர் யாழ்தேவியில் ஏறி வளர்ந்தவர்கள். கொழும்பு–காங்கேசன்துறை ரயில் 1990 ஜூனில் போரால் நின்றது. கியூபெக்கின் வடகரை ரயில் நின்று ஐந்தே மாதம் ஆகியிருந்தது. யாழ்ப்பாணத்துக்கு ரயில் திரும்ப 2014 அக்டோபர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பார்க் நிலையத்தின் ரயில் அதைவிடச் சீக்கிரம் திரும்பியது, அதுவும் ஒரு பாலத்தின் புண்ணியத்தில்.

1997இல் லவாலையும் ரோஸ்மேரையும் இணைக்கும் மாரியுஸ்-துஃப்ரேன் பாலத்தில் பெரிய பழுதுபார்ப்பு வேண்டியிருந்தது. வடக்குப் புறநகர்களிலிருந்து தினமும் நகருக்கு வரும் கார்கள் அடைபட்டுவிடும் என்பதால், ஓராண்டுக்கு முன் தொடங்கியிருந்த பெருநகரப் போக்குவரத்து ஆணையம், பழைய தடத்தில் பிளான்விலிலிருந்து பார்க் வரை தற்காலிக ரயிலை விட்டது. 1997 மே மாதம் தொடங்கிய வண்டியில் எதிர்பார்த்ததைவிடக் கூட்டம். பாலம் சரியானபின்னும் ரயிலை நிறுத்த முடியவில்லை. திட்டமிடாமல் தவறிப் பிறந்த தடத்துக்கும் நல்ல ஆயுள் அமைந்தது. 2007 ஜனவரியில் பாதை மீண்டும் சான்-ஜெரோமைத் தொட்டது. 1876இன் முதல் ரயில் போய்ச் சேர்ந்த அதே ஊர். அதே ஆண்டு ஏப்ரலில் லவாலுக்கு மெட்ரோ நீண்டபோது, தெ லா கொங்கோர்த் நிலையத்தில் ரயிலும் மெட்ரோவும் கைகோத்தன. ஆணையம் 2017 ஜூனில் கலைக்கப்பட்டு, ரயில்கள் இப்போது எக்ஸோ என்ற அமைப்பின் கையில் உள்ளன.

பார்க்கிலிருந்து வடக்கே போகும் வண்டி, துணித் தொழிற்சாலைகள் நிறைந்த ஷபனெல், பிறகு புவா-தெ-பூலோன் தாண்டி, ரிவியே தே பிரெரி ஆற்றைக் கடந்து லவால் தீவுக்குள் நுழைகிறது. அடுத்து மில் ஈல் ஆறு, ரோஸ்மேர், சான்த்-தெரேஸ், பிளான்வில். ஷபனெல் தையல் ஆலைகளில் மொன்றியலுக்கு வந்த எந்த இனத்தாரும் ஒரு தலைமுறையாவது வேலை பார்த்திருக்கிறார்கள். கிரேக்கர்களும் இத்தாலியர்களும் முன்னே, தமிழர்கள் பின்னே. தெற்கே போகும் வண்டியின் நிலை வேடிக்கையானது. நகர நடுவுக்குப் போக வேண்டும், ஆனால் மலை நடுவில் நிற்கிறது. 19ஆம் நூற்றாண்டின் அதே வளைவில் மேற்கே உத்ரமோன் வழியாகப் போய், மொன்றியல் வெஸ்டில் திரும்பி, வாந்தோம் வழியாக லூசியன்-லாலியே நிலையத்தில் முடிகிறது. அவசரக்காரர்கள் பார்க்கிலேயே இறங்கி மெட்ரோவுக்கு மாறிவிடுகிறார்கள். சுற்றிப் போகிறவர்களும் விண்ட்சர் நிலையத்துக்குள் இறங்குவதில்லை. 1996இல் திறந்த ஹாக்கி அரங்கம் அதன் தண்டவாளங்களின்மேல் கட்டப்பட்டுவிட்டதால், ரயில்கள் அரங்கத்தின் பின்பக்கத்தோடு நின்றுவிடுகின்றன. பிளாஸ் விஜே, விண்ட்சர், பார்க் அவென்யூ என்று கனடியன் பசிபிக் மொன்றியலில் எழுப்பிய மூன்று பெரிய கட்டடங்களும் இப்படி ரயில் இல்லாமல் நிற்கின்றன.

தண்டவாளம் இன்றும் சரக்கு நிறுவனத்துக்குச் சொந்தம். கனடியன் பசிபிக் 2023இல் கேன்சஸ் சிட்டி சதர்னோடு இணைந்து பெயர் மாற்றிக்கொண்டது. புறநகர் ரயில் அதில் வாடகைக் குடித்தனம். சரக்கு வண்டிக்கு இடையூறு இல்லாத நேரங்களில்தான் ஓட முடியும். காலையில் நகருக்கு, மாலையில் ஊருக்கு என்று அலுவலக நேரத்தை ஒட்டி வண்டிகள்; மற்ற நேரங்களில் இடைவெளி நீளம். தடம் மின்மயமாகவில்லை, டீசல்தான். சென்னைக் கடற்கரை–தாம்பரம் பயணி போல, போனால் அடுத்த வண்டி என்று யாரும் இங்கே மெத்தனமாக இருக்க முடியாது. 2022 ஜூலையில் வந்த கட்டண முறைப்படி மொன்றியல் தீவு முழுவதும் ஒரே மண்டலம், லவால் இரண்டாவது, அதற்கு அப்பால் மூன்றாவது.

நிலையக் கட்டடம் நகராட்சி கைக்கு வந்தபின் பக்கத்து நிலத்தில் பேரங்காடி எழுந்தது; பழைய கூடம் கடைக்கு விடப்பட்டு, அதில் அரசு மதுக்கடையும் நடந்தது. டாஸ்மாக் தெரிந்த தமிழருக்குப் புதுமையாக ஒன்றும் தோன்றியிராது, உயர்ந்த கூரையைத் தவிர. முன்னால் இருக்கும் சதுக்கத்துக்கு ஜான் தலோன் நிலையச் சதுக்கம் என்றே பெயர்.

பாதையின் இரு கரையிலும் வேலி அடைத்திருப்பதால், கண்ணுக்கு எதிரே இருக்கும் தெருவுக்குப் போக அரைச் சுற்றுச் சுற்ற வேண்டும். தெற்கே மைல் எண்ட், ரோஸ்மோன் பகுதிகளில் நடப்பவர்கள் வேலியில் ஓட்டை போடுவார்கள், நிறுவனம் அடைக்கும், மறுபடி ஓட்டை விழும். ரயில்வே போலீஸ் பிடித்து அபராதம் எழுதும். கடவை கேட்டு நகராட்சி மத்திய போக்குவரத்து முகமை வரை போனது. மேற்குப் பக்கம் இந்த இறுக்கம் கொஞ்சம் தளர்ந்தது. உத்ரமோனில் கனடியன் பசிபிக் வைத்திருந்த பெரிய சரக்கு முற்றத்தை மொன்றியல் பல்கலைக்கழகம் 2006இல் வாங்கி, 2019 இலையுதிர் காலத்தில் அங்கே அறிவியல் வளாகத்தைத் திறந்தது. வளாகத்திலிருந்து தண்டவாளத்துக்கு மேலாக ஒரு நடைபாலம் பார்க் எக்ஸில், லகாடி மெட்ரோ அருகே இறங்குகிறது. பாலம் வந்ததும் மாணவர்களும் வந்தார்கள், அவர்களோடு வாடகையும் ஏறியது. பல ஆண்டுகளாகக் குறைந்த வாடகையில் இருந்த குடியேற்றக் குடும்பங்கள் வீட்டைக் காலி செய்யும் கடிதங்களைப் பெறத் தொடங்கின. நூறாண்டு காலம் பார்க் எக்ஸை ஒதுக்கிவைத்த அதே தண்டவாளம்தான் அங்கே வாடகையைத் தாழ்த்தியும் வைத்திருந்தது.